பேஸ்மென்டுக்கு வெளியிலிருந்து படிக்கட்டு: கொழும்பு வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வீட்டு வேலைகள் செய்துகொடுக்கும் சிவில் எஞ்சினியர் நான். ஏழெட்டுப் பேர்ச் காணியில் வீடு கட்டி, கீழே ஒரு பேஸ்மென்டும் எடுத்தவர்கள் சில வருஷங்கள் கழித்து வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: "வீட்டுக்குள்ளால போகாமல், வெளியில இருந்து நேரே பேஸ்மென்டுக்கு இறங்க ஒரு படிக்கட்டுக் கட்டலாமா?" சிலருக்குக் கீழே டியூஷன் வகுப்பு நடத்த வேண்டும், சிலருக்கு ஒபீஸ், சிலருக்குக் கடைச் சாமான் அடுக்க இடம். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். படியின் அழகைப் பற்றி இதில் குறைவாகத்தான் இருக்கும். தண்ணீரைப் பற்றி நிறைய இருக்கும். கொழும்பில் நிலத்துக்குக் கீழே செய்கிற எந்த வேலையும் தண்ணீரோடு பேசித் தீர்க்கிற வேலைதான்.

எங்கள் காணிக்கு இது சரிவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கொழும்பில் மண் ஒரே மாதிரி இல்லை. மேட்டுப்பாங்கான இடங்களில் கபுக் கல் மண். வெட்டினால் ஓரளவு நிமிர்ந்து நிற்கும், தண்ணீரும் கீழேதான் இருக்கும். காலி வீதிக்குக் கடல் பக்கம் மணல். அதில் குழி வெட்ட வெட்டப் பக்கச் சுவர் சரிந்துகொண்டே வரும். கால்வாய் ஓரங்களிலும் பழைய வயல், சதுப்பு நிரப்பிய இடங்களிலும் மேலே நாலைந்து அடி நிரப்பு மண், அதன் கீழே அழுகிய செடிகொடிகளால் ஆன மெத்தென்ற கறுப்பு மண். இந்த மூன்றாவது வகைக் காணியில் வீடு இருப்பவர்களுக்கு நான் முதல் சந்திப்பிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். செய்யவே முடியாது என்பதில்லை. ஒரு படிக்கட்டுக்காக அவ்வளவு பணத்தையும் அபாயத்தையும் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

மண் என்னவென்று தெரிந்த பிறகு தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் கிணறு இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் போய் எட்டிப் பாருங்கள். நிலத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண். மாசி மாத வெயிலில் பார்த்துவிட்டு "பத்தடிக்குக் கீழதான் தண்ணி" என்று முடிவெடுத்தவர்கள் பின்னால் வருந்தியதைப் பார்த்திருக்கிறேன். கிணறு இல்லையென்றால், மண் பரிசோதனைக்குத் துளை போடும்போது அதற்குள் ஒரு பைப்பை இறக்கி விட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க அளந்து பார்க்கலாம்.

மூன்றாவது, உங்கள் ஒழுங்கையின் வெள்ள வரலாறு. கொழும்பில் 1992 ஜூன் தொடக்கத்தில் ஒரே நாளில் 490 மி.மீ.க்கு மேல் மழை பெய்தது. 2010 நவம்பரில் ஓரிரவு மழையில் நாடாளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகளுக்குள் போனது. அந்த நாட்களில் உங்கள் வாசலில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று பழைய அயலவர்களைக் கேளுங்கள். மதிலில் இன்னும் கறை தெரிந்தால் அதை அளந்து எழுதி வையுங்கள். அந்த அளவு இல்லாமல் நான் பென்சிலைக் கையில் எடுப்பதில்லை.

அனுமதி எடுக்க வேண்டுமா? உள் முற்றத்தில்தானே கட்டுகிறோம்?

எடுக்க வேண்டும். கட்டி முடித்த வீட்டின் அத்திவாரத்துக்குப் பக்கத்தில் மண் வெட்டுவதும், தாங்கு சுவரில் வாசல் திறப்பதும் கட்டட மாற்றம்தான். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இதற்கு வேண்டும். விண்ணப்பத்தை உங்கள் மாநகர சபையில் கொடுக்கலாம். வேலை முடிந்த பிறகு இணக்கச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் வீட்டை விற்கும்போதோ வங்கியில் கடன் கேட்கும்போதோ அந்தத் தாள் தேடப்படும்.

பிளானில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் வெறுமையாக விட வேண்டிய இடத்துக்குள் படிக்கட்டுக் குழி வருகிறதா, அதற்கு மேலே கூரை போட்டால் அது கட்டடமாகக் கணக்கெடுக்கப்படுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் ஆக்கிடெக்ட் மூலம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். குழி வெட்டிய பிறகு கேட்கிற கேள்வி இல்லை அது.

படிக்கட்டுக்கு எவ்வளவு இடம் தேவை?

எல்லோரும் நினைப்பதைவிடக் கூடுதலாக. உதாரணத்துக்கு, வெளித்தரையிலிருந்து பேஸ்மென்டுத் தரை 8 அடி 8 அங்குலம் கீழே என்று வைத்துக்கொள்வோம். ஒரு படியின் உயரம் ஆறரை அங்குலம் என்றால் 16 தடவை கால் எடுத்து வைக்க வேண்டும். நடுவில் 15 மிதிபடிகள். ஒவ்வொன்றும் 11 அங்குல அகலம் என்றால் படிகளுக்கு மட்டும் 13 அடி 9 அங்குலம் போகும். கீழே கதவுக்கு முன்னால் மூன்றரை அடியாவது சமதரை வேண்டும், மேலே மூன்றடி. ஆக, 20 அடிக்கு மேல் நீளம். நடக்கிற அகலம் 4 அடி, இரண்டு பக்கமும் 8 அங்குலச் சுவர் என்றால் மொத்த அகலம் 5 அடி 4 அங்குலம்.

இந்த நீளம் கிடைக்காதபோது மேசன் பாஸ் வழக்கமாகச் சொல்லும் யோசனை, "படியை எட்டு அங்குலமாக்கிப் போடுவம்" என்பது. அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மழையில் நனைந்த படி, கையில் சாமான், கீழே பார்க்க முடியாது. வெளிப்படியில் ஏழு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது என் பிடிவாதம். உயரத்தின் இருமடங்கோடு மிதியின் அகலத்தைக் கூட்டினால் 24 அங்குலத்துக்குக் கிட்ட வர வேண்டும். வந்தால் கால் தானாக நடக்கும். இடம் போதாவிட்டால் நடுவில் ஒரு தளம் விட்டு 'ட' வடிவில் திருப்புங்கள்.

மழைத்தண்ணீர் படிவழியே இறங்காமல் என்ன செய்வது?

கீழே இறங்குவதற்கு முன் மேலே ஏற வேண்டும். முழு வேலையிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். குழியின் வாயில் முற்றத்துத் தரையோடு சமமாக இருந்தால், ஒரு மணித்தியாலப் பெருமழையில் முற்றம் முழுவதும் சேர்ந்த தண்ணீருக்கு உங்கள் படிக்கட்டுத்தான் வாய்க்கால். ஆகவே முற்றத்திலிருந்து ஒன்றோ இரண்டோ படி ஏறி, ஒரு சிறு மேடையில் நின்று, அங்கிருந்து இறங்குகிற மாதிரி அமைக்க வேண்டும். வெள்ளமே வராத இடத்திலும் குறைந்தது 6 அங்குலம். வெள்ளம் வந்த ஒழுங்கையில், மதிலில் அளந்த அந்தக் கறைக்கு மேலே இன்னும் ஒரு அடி.

குழியைச் சுற்றியுள்ள சுவரும் அதே உயரத்துக்கு, இடைவெளி இல்லாமல், கொங்கிரீட்டாகவே மேலே வர வேண்டும். நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் வாசலில் அழகாக மேடு போட்டிருந்தார்கள். பக்கச் சுவரைத் தரை மட்டத்தில் நிறுத்தி, மேலே கிரில் மட்டும் வைத்திருந்தார்கள். தண்ணீர் மேட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்தால் இறங்கியது. மேட்டின் உயரத்தையும் படி எண்ணிக்கையில் சேர்க்க மறக்காதீர்கள். ஓர் அடி உயர்த்தினால் கீழ்நோக்கி இரண்டு படி கூடும், நீளமும் இரண்டடியளவு கூடும்.

முற்றத்தின் சாய்வு குழியிலிருந்து வெளியே ஓட வேண்டும். வீட்டுக் கூரையின் பீலிப் பைப் குழிக்குப் பக்கத்தில் இறங்குகிறதென்றால் அதை வேறு மூலைக்கு மாற்றிவிடுங்கள்.

கூரை போட்டால் போதாதா?

கூரை அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. ஒரு சிறு கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மி.மீ. மழை விழுந்தால் ஒரு லீற்றர். குழியின் திறந்த வாய் 70 சதுர அடி, அதாவது ஆறரைச் சதுர மீற்றர். மணிக்கு 100 மி.மீ. என்ற கணக்கில் கொட்டினால் 650 லீற்றர். அதோடு குழிக்கு மேலே நிற்கும் வீட்டுச் சுவரில் மோதுகிற தண்ணீரும் வழிந்து குழிக்குள்தான் போகும். அந்தச் சுவர் 16 சதுர மீற்றர் என்றால் அதில் பாதியைக் கணக்கெடுப்பது வழக்கம். இன்னும் 800 லீற்றர். மொத்தம் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 1,450 லீற்றர். பொலிகாபனேட் கூரையை இரண்டு பக்கமும் இரண்டடி நீட்டிப் போட்டால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும். மிச்சம் வருவது தூவானம்.

அந்தத் தூவானம் எந்தப் பக்கத்தால் வரும் என்று பாருங்கள். வைகாசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் கடல் பக்கத்திலிருந்து சாய்த்து அடிக்கும். மேற்கையும் தெற்கையும் பார்த்த பக்கங்களை மறைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முழுக்கக் கண்ணாடி போட்டு மூடிவிடாதீர்கள், காற்றோட்டம் வேண்டும்.

கீழே சேரும் தண்ணீர் எங்கே போகும்?

படியின் அடியில், கதவுக்கு முன்னால், குறுக்காக ஒரு காண். அதன்மேல் தூக்கக்கூடிய கிரில். காணிலிருந்து தண்ணீர் ஒரு சிறு கொங்கிரீட் தொட்டிக்குப் போகும். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழம் என்றால் 500 லீற்றர் பிடிக்கும். அதற்குள் மிதவை சுவிட்ச் உள்ள, தண்ணீருக்குள் அமிழ்ந்து வேலை செய்கிற மோட்டர். கதவின் நிலைப்படி கீழ்த்தரையிலிருந்து 6 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். மோட்டர் கொஞ்ச நேரம் நின்றாலும் தண்ணீர் உடனே உள்ளே வராமல் அந்த ஆறு அங்குலம் தாங்கும்.

இனி மின்சாரம். பெருமழையும் மின்வெட்டும் சேர்ந்தே வரும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மேலே சொன்ன கணக்கின்படி கூரையில்லாத குழியில் நிமிஷத்துக்கு 24 லீற்றர் வரும். தொட்டி 20 நிமிஷத்தில் நிரம்பிவிடும். கூரை இருந்தால் அதே தொட்டி மணிக்கணக்கில் தாங்கும். நான் கூரையையும் மேட்டையும் முதலில் சொல்லி, மோட்டரைக் கடைசியில் சொல்வது அதனால்தான். மோட்டருக்கு பற்றரியோடு ஓர் இன்வேட்டர், முடிந்தால் முதல் மோட்டருக்குச் சற்று மேலே இரண்டாவது மோட்டர். தண்ணீருக்குள் கரண்ட் போவதால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது.

மோட்டரிலிருந்து போகும் பைப்பை மலசலகூட லைனில் இணைக்காதீர்கள். மழைத்தண்ணீர் வீதியோரக் காணுக்குத்தான் போக வேண்டும். பெருமழையில் அந்தக் காண் நிரம்பி வழியும்போது அதே பைப்பால் தண்ணீர் திரும்பி வரும். என் ஆரம்ப காலத்தில் கிருலப்பனையில் ஒரு வீட்டில் இதை நான் கவனிக்காமல் விட்டேன். மோட்டர் ஓய்ந்த அடுத்த நிமிஷம் வீதித் தண்ணீர் முழுக்கக் குழிக்குள் வந்தது. வீட்டு அம்மா வாளியோடு நின்றதை இன்றுவரை நான் மறக்கவில்லை. அதன்பிறகு எந்த வேலையிலும் பைப்பில் ஒருவழி வால்வு போடாமல் விட்டதில்லை. பைப்பை வெள்ள மட்டத்துக்கு மேலே கொண்டுபோய், வளைத்துப் பிறகுதான் காணுக்கு இறக்குவேன்.

பக்கச் சுவரை சீமெந்துக் கல்லால் கட்டினால் செலவு குறையுமே?

குறையும். ஒரு கார்த்திகை மழையில் விழுந்தும் விடும். மண் சுவரைத் தள்ளும், மண்ணோடு சேர்ந்த தண்ணீர் இன்னும் பலமாகத் தள்ளும். 2.6 மீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊறி நின்றால், சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 2.6 டன் அழுத்தும். மண்ணின் தள்ளுதல் அதற்கு மேலே தனிக் கணக்கு. மதிலை ஒட்டிப் பக்கத்து வீட்டார் வான் நிறுத்தினால் அதுவும் சேரும். கம்பி கட்டிய கொங்கிரீட் சுவர்தான் இதற்கு. பெரும்பாலும் 8 அங்குலம் வரும், கம்பியின் அளவை உங்கள் எஞ்சினியர் கணக்குப் போட்டுத் தருவார். சுவரும் அடித்தட்டும் படியும் ஒன்றோடொன்று கம்பியால் இணைந்த ஒரு பெட்டி மாதிரி இருக்க வேண்டும்.

தண்ணீர் மட்டம் உயர்ந்த காணியில் இன்னொரு கவலை உண்டு. வெறும் பெட்டி தண்ணீரில் மிதக்கும். மண்ணுக்குள் இருந்தாலும் அப்படித்தான். அடித்தட்டைச் சுவருக்கு வெளியே ஓர் அடி நீட்டி, அதன்மேல் மண்ணை ஏற்றிப் பாரம் கொடுப்பது வழக்கமான தீர்வு. மிதப்புக் கணக்குப் பார்த்தீர்களா என்று எஞ்சினியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

வெட்டும்போது வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஆபத்து வருமா?

இந்த வேலையில் உயிர் போகக்கூடிய கட்டம் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கன மீற்றர் மண் ஏறத்தாழ 1.8 டன். ஆளுயரக் குழியில் ஒரு பக்கம் சரிந்தால் உள்ளே நிற்கிறவர் மூச்சுவிட முடியாது, இடுப்பளவு புதைந்தாலும் இழுத்தெடுப்பது கஷ்டம். நாலடிக்குக் கீழே போகிற எந்தக் குழிக்கும் பலகையும் முட்டும் கொடுக்காமல் ஆளை இறக்கக் கூடாது. "கபுக் மண்தானே, நிக்கும்" என்று பாஸ் சொல்வார். முதல் நாள் நிற்கும். இரவு மழை பெய்த பிறகு நிற்காது. வெட்டிய மண்ணைக் குழியின் ஓரத்திலேயே குவிப்பதும் அதே தவறுதான்.

உங்கள் பேஸ்மென்ட் சுவரின் அத்திவாரம் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் ஓரளவு பயமில்லை. படி அதையும் தாண்டி, பேஸ்மென்ட் இல்லாத பகுதியின் பக்கமாகப் போகிறதென்றால் அங்கே அத்திவாரம் மூன்று நாலடியில்தான் இருக்கும். அத்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து 45 பாகைச் சாய்வில் கீழ்நோக்கி ஒரு கோடு கீறிப் பாருங்கள். உங்கள் குழி அந்தக் கோட்டுக்கு உள்ளே நுழைந்தால், அத்திவாரத்துக்குக் கீழிருக்கும் மண்ணை உருவுகிறீர்கள் என்று அர்த்தம். அப்போது மூன்று நாலடி நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி, அத்திவாரத்தின் அடியில் கொங்கிரீட் நிரப்பி, அது இறுகிய பிறகுதான் அடுத்த துண்டைத் தொட வேண்டும். மெதுவான வேலை. அவசரப்படுத்தாதீர்கள்.

மதிலுக்கும் இதே கோட்டைக் கீறுங்கள். கொழும்பு மதில்களில் அனேகமானவற்றுக்கு ஒன்றரை, இரண்டடி அத்திவாரம்தான். மதிலோடு ஒட்டி ஒன்பதடி வெட்டினால் அது குழிக்குள் வரும். இடம் இல்லை, ஒட்டித்தான் வெட்ட வேண்டும் என்றால், மதிலைக் கழற்றிவிட்டுப் பிறகு புதிதாகக் கட்டுவது பல நேரம் மலிவு.

மணல் மண்ணில், தண்ணீரை மோட்டரால் இறைத்துக்கொண்டே வெட்டுவது வேறு ஆபத்து. நீங்கள் இறைக்கிற தண்ணீரோடு நுண்மணலும் வந்துவிடும், பக்கத்து வீட்டின் தரை கீழே இறங்கும். அங்கே இரும்புத் தகடுகளை இறக்கிச் சுற்றி மறித்த பிறகே வெட்ட வேண்டும்.

வேலை தொடங்கும் முன் பக்கத்து வீட்டாரிடம் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். அவர்களோடு சேர்ந்து அவர்கள் வீட்டுச் சுவர்களில் இப்போதே இருக்கும் வெடிப்புகளைத் திகதியோடு படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்து வையுங்கள். பழைய வெடிப்பா புதிய வெடிப்பா என்ற சண்டையில் இருபது வருஷ அயல் உறவு முறிந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எவ்வளவு மண் வரும்?

மேலே சொன்ன அளவுக்கு, வேலை செய்யும் இடத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 8 கியூப் (ஒரு கியூப் என்றால் 100 கன அடி). வெட்டினால் மண் உப்பும், ஆகவே லொறியில் 10 கியூப் என்று வையுங்கள். மூன்று கியூப் டிப்பர் நாலு தடவை. மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள், ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கொந்தராத்துக்காரரிடம் முன்பே எழுத்தில் கேளுங்கள். சுற்றி நிரப்பத் தேவையான அளவை மட்டும் பொலித்தீன் போட்டு மூடி வையுங்கள்.

இருக்கிற பேஸ்மென்ட் சுவரில் வாசல் வெட்டலாமா?

வெட்டலாம், ஆனால் அந்தச் சுவர் மேல்மாடியையும் தாங்குகிறது, மண்ணையும் தாங்குகிறது. மூன்றேகால் அடி வாசல் திறந்தால் அங்கே போய்க்கொண்டிருந்த பாரம் இரண்டு பக்கச் சுவர்த்துண்டுகளுக்கும் போகும். அவை தாங்குமா, மேலே எவ்வளவு பலமான லிண்டல் வேண்டும் என்று கணக்குப் பார்க்க பழைய பிளானும் கம்பி விபரமும் வேண்டும். பிளான் கிடைக்காவிட்டால் கம்பி தேடும் கருவியால் சுவரைப் பார்த்துக் குறிக்கலாம். வெட்டும் முன் உள்ளே மேல்தட்டுக்கு ஜக் கொடுக்க வேண்டும். சுத்தியலும் உளியும் கொண்டு அடித்து உடைக்க விடாதீர்கள். அதிர்வில் நாலு பக்கமும் வெடிப்பு ஓடும், பிறகு அந்த வெடிப்பெல்லாம் தண்ணீருக்கு வழி. வைர வாளால் அறுத்தால் செலவு கூட, வெட்டு சுத்தமாக இருக்கும்.

வெளியே படிக்கட்டுப் பெட்டி முழுக்க முடிந்து, கூரையும் மோட்டரும் வேலை செய்கிற நாளில்தான் இந்தச் சுவரைத் திறக்க வேண்டும். சுவர் மூடியிருக்கும்வரை வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் உங்கள் பேஸ்மென்ட் காய்ந்திருக்கும்.

வோட்டர் புரூப் பூசினால் கசிவு நிற்குமா?

உட்பக்கம் பூசுகிற பூச்சை நம்பி எதையும் செய்யாதீர்கள். தண்ணீர் வெளியிலிருந்து தள்ளும்போது உள்ளே பூசியது உரிந்துதான் வரும். கசியாத கொங்கிரீட்தான் முதல் காவல்: 30 தரக் கொங்கிரீட், மண் பக்கம் கம்பிக்கு மேலே 50 மி.மீ. கொங்கிரீட் மூடல், வைப்ரேட்டர் போட்டு இறுக்கிய வார்ப்பு, ஏழு நாளாவது விடாமல் நனைத்தல். வார்க்கும்போது லேசாக ஓட வேண்டும் என்று தண்ணீர் கூட ஊற்ற விடாதீர்கள். கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகளில் உப்புக் காற்று கம்பியைத் தின்னும், அங்கே மூடலில் ஒரு மி.மீ. கூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

கசிவு பெரும்பாலும் இணைப்புகளில்தான் வரும். அடித்தட்டும் சுவரும் வெவ்வேறு நாளில் வார்க்கப்படுகின்றன, அந்தச் சந்தியில் ரப்பர் அல்லது பீ.வீ.சீ. தண்ணீர்த்தடைப் பட்டி வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கஷ்டமான இடம், புதுப் பெட்டியும் பழைய வீட்டுச் சுவரும் சந்திக்கிற கோடு. இரண்டும் ஒரே அளவில் இறங்காது. இரண்டையும் கம்பி பொருத்தி ஒன்றாக்குவதா, அல்லது அசையவிட்டு வளைந்து கொடுக்கும் பட்டியால் அடைப்பதா என்பதை எஞ்சினியர் வரைபடத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பாஸ் அன்றைக்குக் கையில் இருப்பதை வைத்து முடிப்பார்.

சுவரின் வெளிப்பக்கம் தண்ணீர் புகாத மெம்பிரேன் விரிப்பு ஒட்டி, அதற்குக் காவலாக ஒரு பலகையும் வைத்து, பிறகு சல்லியும் வடிதுணியும், அடியில் துளையிட்ட பைப்பும். அந்தப் பைப் தொட்டிக்கு வரும். மண்ணை ஆறு ஆறு அங்குலமாகப் போட்டு இறுக்குங்கள். கொங்கிரீட் பலம் பிடிக்க 28 நாள், அதற்கு முன் மண் நிரப்பினால் சுவர் உள்ளே வளையும்.

கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும்?

உள்பக்கம். மூன்றடிக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதென்று வைப்போம். குழியில் நிலைப்படிக்கு மேலே இரண்டடி தண்ணீர் நின்றால் கதவின்மேல் மொத்தம் ஏறத்தாழ 170 கிலோ பாரம் அழுத்தும். உள்ளே இருக்கும் ஒருவரால் தள்ளித் திறக்க முடியாது. உள்பக்கம் திறந்தால் தண்ணீர் உள்ளே வரும்தான், ஆனால் ஆள் வெளியே வர வழி இருக்கும். தண்ணீர் பேஸ்மென்டுக்குள் வந்தால் தப்பிப் போக, வீட்டுக்குள்ளால் மேலே ஏறும் பழைய படி வேண்டும், அதை எக்காரணம் கொண்டும் அடைத்துவிடாதீர்கள்.

தனி வாசல் வந்துவிட்டால் பேஸ்மென்டை வாடகைக்கு விடலாமா? ஆட்கள் தூங்கலாமா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 2024 ஜூலையில் டில்லியில் ஒரு பயிற்சி வகுப்புக் கட்டடத்தின் பேஸ்மென்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது மாலையில் எல்லோரும் விழித்திருக்கும்போதே நடந்தது. டியூஷன் வகுப்பு நடத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்: பிள்ளைகள் எத்தனை பேர், இரண்டு வழியாலும் எவ்வளவு விரைவாக வெளியேற முடியும், மழை கூடினால் வகுப்பை மேலே மாற்ற இடமிருக்கிறதா?

இதே இடத்தில் இன்னொன்று. ஜெனரேட்டரைப் படிக்கட்டுக் குழிக்குள் வைக்காதீர்கள். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை, கதவு வழியே உள்ளே போகும். காஸ் சிலிண்டரும் வேண்டாம். சமையல் காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் குழியில் தேங்கி நிற்கும்.

வாஸ்துப்படி எந்தப் பக்கம் நல்லது?

தென்மேற்கில் பள்ளம் கூடாது, வடகிழக்கு தாழ்ந்திருக்கலாம் என்பார்கள். நம்பிக்கை உள்ளவர்களுக்கு நான் மறுப்புச் சொல்வதில்லை. கொழும்பில் சாரல் தென்மேற்கிலிருந்துதான் அடிக்கிறது. வடகிழக்குப் பக்கம் குழி வந்தால் வீடே அதற்கு மறைப்பாக நிற்கும். இரண்டு காரணமும் ஒரே மூலையைக் காட்டினால் சந்தோஷமாக அங்கேயே கட்டுங்கள்.

எப்போது தொடங்குவது?

தைப்பொங்கல் கழிந்த கையோடு. தை, மாசி, பங்குனிதான் கொழும்பில் மழை குறைந்த காலம். சித்திரை வருஷப் பிறப்புக்கு வேலையாட்கள் ஊருக்குப் போனால் திரும்பி வர இரண்டு கிழமை ஆகும், அதற்குப் பிறகு வைகாசி மழை. குழி திறந்தபடி அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. அனுமதி, மண் பரிசோதனை, வரைபடம் எல்லாவற்றையும் முந்திய வருஷம் ஆவணிக்குள் தொடங்குங்கள். மார்கழிக்குள் தாள்கள் கைக்கு வராவிட்டால் அடுத்த தைக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

படிக்கு மாபிள் பதிக்கலாமா? கைப்பிடி எப்படி?

மினுக்கிய மாபிளும் டைல்ஸும் வேண்டாம். தும்புத்தடியால் இழுத்து முரடாக்கிய கொங்கிரீட்டே போதும், ஒவ்வொரு படி விளிம்பிலும் வழுக்காத பட்டி ஒட்டுங்கள். கைப்பிடி மூன்றடி உயரத்தில், கீழ்ப்படிவரை விடாமல். குழியைச் சுற்றி மேலே மூன்றரை அடி கிரில், கம்பிகளுக்கிடையில் நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டால் குழந்தையின் தலை நுழையும். மேலும் கீழும் ஒவ்வொரு லைட், இரண்டு இடத்திலும் சுவிட்ச்.

தொட்டியில் நுளம்பு வராதா?

வரும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டப்படி வீட்டுக்காரர் மேல் வழக்கும் போடலாம். தொட்டியின் மூடிக்கும் காணின் கிரிலுக்கும் கீழே நுண்வலை போடுங்கள். மோட்டர் உறிஞ்சாமல் அடியில் விடுகிற இரண்டங்குலத் தண்ணீரை வரண்ட காலத்தில் கிழமைக்கு ஒருதடவை வாளியால் அள்ளிவிட வேண்டும். தொட்டி அடியை ஒரு மூலைக்குச் சாய்த்து, அங்கே சிறு குழி விட்டு வார்த்தால் அந்த வேலை இலகு.

கட்டி முடித்த பிறகு என்ன பராமரிப்பு?

சித்திரைக் கடைசியிலும் புரட்டாதிக் கடைசியிலும், அதாவது இரண்டு மழைக்கும் முன்னால், அரை நாள் ஒதுக்குங்கள். கிரிலைத் தூக்கிக் காணில் உள்ள இலை, மண்ணை அள்ளுங்கள். மெயின் சுவிட்சை நிறுத்தி இன்வேட்டரில் மட்டும் மோட்டர் ஓடுகிறதா பாருங்கள். பிறகு தோட்டக் குழாயைக் குழிக்குள் விட்டு, மிதவை தானாக எழுந்து மோட்டர் தொடங்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். மோட்டர் நின்ற பிறகு ஐந்து நிமிஷம் தொட்டியைப் பாருங்கள். தண்ணீர் மட்டம் மெல்ல ஏறினால் ஒருவழி வால்வு பழுது, அன்றைக்கே மாற்றுங்கள்.